கை காட்டு

அந்த டம்ளர்ல குடிக்காதீங்க சார். கீழ வைங்க முதல்ல. பார்க்கப் பளபளன்னுதான் இருக்கும். விளிம்பு ஓரமா மங்கலா ஒரு கோடு ஓடுது பாருங்க, அது உங்களுக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல கிடந்த ஆளோட உதட்டுக் கறை. வீட்டுல இருந்து தனி டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க. மூடி போட்டது. இங்க கழுவுறாங்கங்கிறது சும்மா பேச்சு, தண்ணில காட்டி எடுக்குறாங்க, அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலையிலதானே வந்தீங்க? ரெண்டு காலும் மாவுக்கட்டு. காரா? நினைச்சேன். இந்த வார்டுல பாதிப் பேரு காரு, மீதி பைக்கு. மூணாம் நம்பர் மட்டும் சாரத்துல இருந்து விழுந்த கொத்தனார், அவருக்குக் கழுத்துக்குக் கீழ எதுவும் ஓடாது. நானும் காருதான். முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழ பாதி உணர்ச்சி இல்ல. வலது தோள்ல பிளேட்டு, அந்தக் கையை ஊன்றக் கூடாது. பத்து வாரமா இங்க கிடக்கேன். ஆனா என்னோடதை ஆக்சிடென்ட்டுன்னு சொல்ல முடியாது சார். அது வேற. வர்றேன் அதுக்கு.

பேரு தில்லைநாயகம். முனிசிபாலிட்டில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் அழுக்கைப் பார்த்தே காலம் போச்சு. எந்த ஓட்டல்ல மாவு எந்த அண்டாவுல புளிக்குது, எந்த மாஸ்டர் வடை தட்டிக்கிட்டே எங்க சொறிவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. சமையக்கட்டு வாசல்ல நிக்கும்போதே மூக்கு சொல்லிரும். என்னைப் பார்த்தாலே டவுன்ல பாதிப் பேரு கையைப் பின்னால கட்டிக்கிடுவான். ஏன்? நகம்! நகத்தைத்தான் முதல்ல பார்ப்பேன். கல்யாண வீட்டுல நான் கை நனைச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு சார். போவேன், மொய் வைப்பேன், வந்துருவேன்.

வீட்டுலயும் அப்படித்தான். ஒரு வழக்கம் வச்சிருந்தேன். சோறு போடுறதுக்கு முன்னாடி அவ கை காட்டணும். ரெண்டு கையும். உள்ளங்கை, புறங்கை, நகக்கண்ணு. நான் பார்த்துத் தலையாட்டுனாத்தான் கரண்டியைத் தொடுவா. கல்யாணம் ஆன மூணாம் நாள்ல ஆரம்பிச்சது, முப்பத்தி நாலு வருஷம் ஒருநாள் தப்புனதில்ல. என் துண்டு, என் டம்ளர், என் படுக்கை, எதையும் நான் சொல்லாம தொட மாட்டா. என்னையும்தான். அப்படிப் பழக்கி வச்சிருந்தேன். மச்சினன்கூடக் கேலி பண்ணுவான், 'என்ன மாமா, அக்காவா, ஒண்ணாப்புப் பிள்ளையா?'ம்பான். பண்ணட்டுமே. எங்க வீட்டுல யாருக்காவது ஒருநாள் வயித்தால போயிருக்கா? கேளுங்க அவளை. அந்தா, மூணாம் நம்பர் கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கா பாருங்க, பச்சைச் சேலை. கோமளவல்லின்னு பேரு. நான் பேரு சொல்லிக் கூப்பிடுற வழக்கமில்ல. 'இந்தா'ன்னா வருவா.

என்ன பண்றா பார்த்தீங்களா? கொத்தனாருக்கு ஊட்டுறா. அவரோட அம்மா கேன்டீனுக்குச் சாப்பிடப் போயிருக்கு. அதுக்கு இவ ஏன்? ஸ்பூன் இருக்குல்ல? கையை விட்டுத் தயிர்ச்சோத்தைப் பிசைஞ்சு, உருட்டி, வாயில வைக்கிறா. அவரு பாதியைத் துப்புறாரு, அதை விரலாலயே வழிச்சு மறுபடி வைக்கிறா. குமட்டுது சார். என் சம்சாரம் சார் அது! பத்து வாரத்துல முப்பத்தி நாலு வருஷத்தையும் கழுவி ஊத்திட்டா.

கொஞ்சம் இருங்க, இந்தக் காலு நாற்காலி மிதியில நிக்க மாட்டேங்குது. திடீர்னு வெட்டி இழுக்கும். உணர்ச்சி இல்லாத காலுக்கு இவ்வளவு திமிரு. கிடக்கட்டும்.

இந்த இடத்தைப் பத்திச் சொல்லிடுறேன், தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. காலையில எட்டு மணிக்கு டாக்டர் வருவாரு. ஒவ்வொரு கட்டிலா நின்னு, இத்தனை பேரு மத்தியில, சத்தமாக் கேப்பாரு, 'வெளிக்குப் போச்சா? கட்டியாவா, தண்ணியாவா?' உங்க கட்டில்ல இருந்தான்ல மரியசெல்வம், லோடுமேன், தூத்துக்குடிப் பக்கம், அவனுக்கு ஆறு நாளா அடைச்சுக் கிடந்து ஒருநாள் போயிருச்சு. 'போச்சு டாக்டர்!'னு கத்துறான், பரிட்சையில பாஸ் பண்ண மாதிரி. வார்டே கை தட்டுது. கை தட்டுறாங்க சார்! ஒரு மனுஷன் மலம் கழிச்சதுக்குக் கை தட்டுற கூட்டத்தை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. இவளும் தட்டுனா.

பத்து மணிக்குப் பயிற்சிக் கூடம். ஒரே நீலப் பாய். ஒருத்தன் வேர்வை காயறதுக்குள்ள அடுத்தவனைக் கிடத்துவாங்க. எனக்குத் தனி விரிப்பு வேணும்னு எழுதிக் குடுத்தேன். சிரிச்சாங்க. இந்தச் சக்கர நாற்காலிக்கு ஒரு பெல்ட்டு உண்டு, இடுப்புல மாட்டுறது. எத்தனை பேரு வயித்துல கட்டுனதோ, கறுப்பேறிக் கிடந்துச்சு. கழட்டி எறியச் சொல்லிட்டேன். எனக்கு உடம்பு துடைக்க, துணி மாத்த, எல்லாத்துக்கும் வார்டு ஆள்தான். புது கிளவுஸ், என் கண் முன்னால உறையைப் பிரிக்கணும். அப்பவும் கண்ணை மூடிக்கிடுவேன். ஒவ்வொரு தடவையும் அருவருப்புல உடம்பு கூசுது சார். அடுத்தவன் கை என்மேல படுறதைவிடச் செத்துரலாம்னு தோணுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். வீட்டுக்குப் போகணும். நான் நின்னு பார்த்து டைல்ஸ் ஒட்டின என் பாத்ரூம்ல, என் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணும். அதை நினைச்சா அழுகை வருது. நான் அழுகுற ஆளே இல்ல.

வீட்டுக்கு விட மாட்டேங்குறாங்க. ஏன்னு கேளுங்க. அவ பரிட்சையில பாஸ் ஆகல!

சிரிக்காதீங்க, உங்க வீட்டம்மாவுக்கும் வைப்பாங்க. இங்க சட்டம் அப்படி. கூட இருக்கிறவங்க நம்மளை நாற்காலில இருந்து இறக்கி ஏத்தத் தெரிஞ்சாத்தான் டிஸ்சார்ஜ். பின்னால ஷெட்டுல ஒரு காரு நிக்குது. இன்ஜின் கிடையாது, சக்கரம் கிடையாது, வெறும் கூடு. அதோட முன் சீட்டுல ஏத்திக் காட்டணும். ஆயிரம் பேரு உக்காந்து உக்காந்து சீட்டு நடுவுல குழியே விழுந்திருக்கு. 'காரைப் பார்த்ததும் பேஷன்ட்டுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது'ன்னு எழுதியிருக்கு அந்த ஜெசிந்தாப் பொண்ணு. பயிற்சி குடுக்குறது அதுதான், நாகர்கோவில் பொண்ணு. பங்குனி வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள நிறுத்தினா வேர்க்காதா?

எனக்குக் காருன்னா பயம் ஒண்ணும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். அன்னைக்கு நடந்ததுக்கும் என் கைக்கும் சம்பந்தமில்ல. அவ தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து. நான் வாசல்லயே நின்னுட்டேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு ஜன்னல் வழியாப் பார்த்தேன். அந்தத் தங்கச்சிக்காரி, பரிமாறிக்கிட்டு இருந்த கையோட, ஒரு வாய் கேசரியை எடுத்து இவ வாயில ஊட்டுறா. இவளும் ஆன்னு வாங்கிக்கிட்டு, அவ விரலைப் பிடிச்சுச் சிரிக்கிறா. நான் போயி காருல உக்காந்துட்டேன்.

திரும்பி வரும்போது நாலு வழிச் சாலை. அவ பின் சீட்டுல. முன் சீட்டு என் சோப்பு, துண்டு, தண்ணி பாட்டில் வைக்கிற இடம், அங்க யாரும் உக்கார மாட்டாங்க. நான் சொன்னேன், 'கை காட்டு.' அவ காட்டல. 'கழுவிட்டேங்க'ங்கிறா. கழுவினியா இல்லையான்னு நான்ல பார்க்கணும்? 'கை காட்டு'ன்னேன் மறுபடி. அப்ப சொல்றா சார், 'முன்னால பாருங்க.' யார்கிட்ட? என்கிட்ட! முப்பத்தி நாலு வருஷத்துல முதல் தடவையா எனக்கு உத்தரவு. திரும்பிப் பார்த்தேன். அப்பவும் கையைச் சேலைக்குள்ள வச்சுக்கிட்டா. ஒழுங்கா முதல்லயே காட்டியிருந்தா நான் ஒரு நொடில பார்த்துட்டுத் திரும்பியிருப்பேன். ஓரத்துல தேங்காமட்டை ஏத்தின லாரி நின்னுச்சு. அவ்வளவுதான். அவளுக்கு ஒரு கீறல் இல்ல.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் பின்னால இருந்து என் தலையை ரெண்டு கையாலயும் அசையாம பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. 'அப்படிப் பிடிக்கலேன்னா கையும் போயிருக்கும், கழுத்தும் போயிருக்கும்'னாரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அவரு சொல்லட்டும். நான் பிடிக்கச் சொன்னேனா? கேசரிக் கை சார் அது! எனக்கு நினைவு திரும்பி முதல்ல வந்தது அந்த நெய் வாடைதான். அங்கயே, ஐசியூவிலயே, நர்சு டாக்டர் எல்லாரும் நிக்கும்போது சொல்லிட்டேன், 'இனிமே நான் சொல்லாம என்மேல கை வைக்காத. வச்சேன்னா பார்த்துக்க.' தலையாட்டுனா. அந்த விஷயத்துல அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் ஒரு விரல் பட்டதில்ல.

சே, இந்தக் காலு கீழ விழுந்துருச்சு. பரவாயில்ல, தானா வரும்.

பரிட்சைக்கு வர்றேன். ஷெட்டுல சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. 'நோயாளி வாயால் சொல்லாமல் உடன் இருப்பவர் எதையும் செய்யக் கூடாது.' இது என்ன கூத்துன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்லுது, 'உங்க உடம்புல எங்க உணர்ச்சி இருக்கு, எங்க இல்லன்னு உங்களுக்குத்தான் சார் தெரியும். நாளைக்கு வேற யாரு வந்தாலும் நீங்கதான் சொல்லிச் செய்ய வைக்கணும்.' சரி, உத்தரவு போடுறது எனக்குப் புதுசா? பிரேக் போடு. காலை எடுத்து வை. பலகையைச் சொருகு. மூணையும் சொன்னேன். அவ டக்குடக்குனு செஞ்சா, பிசகில்லாம. அந்த வழுக்குப் பலகை வழியாத்தான் நம்மளை நகர்த்தணும். அதுக்கு முன்னாடி நாலாவது ஒண்ணு இருக்கு, அவ என்னைப் பிடிக்கணும். இடுப்புப் பக்கமா ரெண்டு கையையும் குடுத்து.

பிடிக்கல சார். நிக்கிறா. நான் பார்க்குறேன், அவ பார்க்குறா. அந்தப் பொண்ணு கடிகாரத்தைப் பார்க்குது. அஞ்சு நிமிஷம் மரம் மாதிரி நின்னதுலயே பரிட்சை முடிஞ்சு போச்சு.

ரெண்டாவது தடவை 'ம்'னேன். 'ம் எல்லாம் கணக்கில்ல சார்'னு அந்தப் பொண்ணு. மூணாவது தடவை முறைச்சுப் பார்த்தேன். வீட்டுல நான் முறைச்சா பத்து வேலை நடக்கும். நடக்கல. நாலாவது நேத்து. 'பிடின்னு ஒரு வார்த்தைதானே சார், சொல்லிருங்களேன்'னு அந்தப் பொண்ணு கெஞ்சுது. நான் ஏன் சொல்லணும்? பொண்டாட்டிகிட்டப் போயி என்னைப் பிடி, என்னைத் தூக்குன்னு, நாலு பேரு முன்னால, ஆம்பளை கேப்பானா? அவளுக்கே தெரியணும்ல? அந்தப் பொண்ணு அவகிட்டத் திரும்பி, 'நீங்களாப் பிடிச்சா என்ன கோமளாம்மா, வீட்டுக்குப் போனா அப்படித்தானே செய்யணும்'னு கேட்டுருச்சு. அதுக்கு இவ சொல்றா, 'அவரு சொல்லாம நான் தொட்டா அவருக்குப் பிடிக்காதும்மா.' பார்த்தீங்களா, அடக்கம் போகல. ஆனா மூளை போயிருச்சு. எதை எப்பச் செய்யணும்னு தெரியல. மக்கு.

நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வரும்போது மெதுவாச் சொன்னா, 'ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?'ன்னு. வாய் நீண்டுருச்சு பார்த்துக்கிடுங்க.

தெரியாதவளான்னா அதுவும் இல்ல. அதுதான் எனக்குக் கடுப்பு. இந்த மரியசெல்வம், நூத்திப் பத்து கிலோ, மேல பூராவும் கருவாட்டு வாடை. அவன் சம்சாரம் மகள் பிரசவத்துக்குப் போயிருச்சு. ரெண்டு வாரம் இவதான் அவனைப் பார்த்துக்கிட்டா. அவன் வெட்கங்கெட்டவன் சார். 'யக்கா, பிடிங்கக்கா! இன்னும் கீழ, ஆங், அங்கதான்! விட்றாதீங்க யக்கா, செத்துருவேன்!'னு கத்துவான். ஒரு பக்கம் அழுவான், ஒரு பக்கம் சிரிப்பான். இவ அந்த மலையைக் கட்டிப் பிடிச்சு, அலுங்காம அந்தக் காருல தூக்கி வச்சுட்டா. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிட்டான். போகும்போது இவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அந்தக் கையோட வந்து எனக்குக் காப்பி ஆத்துறா.

நூத்திப் பத்து கிலோவைத் தூக்குறவளுக்கு அறுபது கிலோவைத் தூக்கத் தெரியலயான்னு நீங்க கேக்கலாம். நான் யோசிச்சுட்டேன். அவன் தடிமன், பிடிக்க இடம் இருக்கு. நான் ஒல்லி. எங்க பிடிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறா.

இதுல ஆபீஸ் கூத்து வேற. நேத்து ரிசல்ட் தாளை வாங்கிப் பார்க்குறேன், 'தேர்வு எழுதியவர்: தில்லைநாயகம். இன்னும் தேறவில்லை'ன்னு போட்டிருக்கு. என் பேரு! எழுதத் தெரியாத ஆளுகளை வச்சிருந்தா இப்படித்தான். பரிட்சை அவளுக்கு, பேரு எனக்கா? பேரை மாத்தி எழுதியிருக்கு, திருத்திக் குடுங்கன்னு முறைப்படி மனு எழுதி அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்தேன். வாங்கிப் படிச்சுச்சு. 'சரியாத்தான் சார் எழுதியிருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. என்ன படிச்சதுகளோ.

நாளைக்கு அஞ்சாவது தடவை. அவளுக்கு நல்ல புத்தி வரட்டும்னு...

சார். ஒரு நிமிஷம். இடுப்பு முன்னால நழுவுது. இந்த வெட்டு வந்தா இப்படித்தான், முதுகு சாய்ஞ்சு உடம்பு கீழ போகும். நீங்க கொஞ்சம் கையை நீட்டி என் சட்டையைப் பிடிக்க முடியுமா? எட்டாதா? ஆமா, உங்களுக்கே கட்டு. அந்த மணியை அடிங்க. யாரும் இல்லையா? எல்லாம் சோத்துக்குப் போயிருக்கும். இந்தக் கையை ஊன்றக் கூடாதுன்னு... ஐயோ. பெல்ட்டு இருந்திருந்தா...

நீங்க கூப்பிடுங்க சார் அவளை. நீங்க கூப்பிட்டா வருவா. என்ன, என்னையே கூப்பிடச் சொல்றீங்க?

இந்தா! இந்தாங்குறேன்ல!

வந்துட்டா. ஓடித்தான் வந்தா. பாருங்க, வந்து முன்னால குனிஞ்சு நிக்கிறா, ரெண்டு கையும் என் இடுப்புக்கு ஒரு விரல் தூரத்துல. தொட மாட்டேங்குறா. என்ன பார்க்குற? விழுகுறேன், தெரியல? கண்ணுல தண்ணி வருது அவளுக்கு, ஆனா கை வர மாட்டேங்குது. 'சொல்லுங்க'ங்கிறா. கையைப் பாருங்க சார், மணிக்கட்டு வரைக்கும் தயிர்ச்சோறு. கொத்தனாரு துப்புனது. வழிச்சுக்கூடப் போடல. நான் அந்தக் கையை...

பிடி.

பிடின்னு சொல்லிட்டேன்ல? பிடி. பிடி, கோமளா.

'எங்க பிடிக்கணும்?'னு கேக்குறா சார்.

கை காட்டல அவ. நானும் கேக்கல.

நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க சார்.